வீட்டு வேலைக்கு கட்டற்ற ரோபோ: கையின் விலை 20 ஆயிரம்... துண்டு மடிக்கக் கத்துக்கொடுப்பது யார்?

மாமல்லபுரத்தைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கல்பாக்கம். அங்கே உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், மனுஷங்க கை படவே கூடாத பொருள் ஒன்றைக் கையாள வேண்டியிருக்கு. அணு உலையில் எரிந்து முடிந்து வெளியே வந்த எரிபொருள் அது. பக்கத்தில் போனாலே ஆபத்து.

அதனால் ஈயச் சுவர் எழுப்பிய அறைக்குள்ளே பொருள் இருக்கும். வெளியே தடித்த கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் ஆள் நிற்பார். அவர் கையில் ஒரு பிடி. மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் இயந்திரக் கையும் திரும்பும். விரலை மூடினால் அதுவும் மூடும். எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்ய 2003-ல் தொடங்கிய 'கோரல்' கூடத்தில் வேலை நடப்பது இப்படித்தான்.

இந்த 'நான் ஆட்டுறேன், நீ ஆடு' டெக்னிக் 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் உருவானது. இதுவரை அது அணு மையங்கள், பெரிய ஆய்வகங்களோட நின்றிருந்தது. இப்போ அதே டெக்னிக் சாதாரண வீட்டு சாப்பாட்டு மேஜை மேல வந்து உட்கார்ந்திருக்கு. இரண்டு கைகள் சேர்த்து விலை சுமார் 20 ஆயிரம் ரூபாய். செய்யும் வேலை: துண்டு மடிப்பது, டம்ளரை எடுத்து வைப்பது, பொம்மைகளை டப்பாவில் போடுவது.

அந்தக் கையை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வரைபடம் இலவசம், மென்பொருளும் இலவசம். அப்புறம் ஏன் இன்னும் நம்ம வீட்டுப் பாத்திரத்தை நாமதான் கழுவுறோம்?

கட்டற்ற ரோபோன்னா என்ன?

கடையில் வாங்கும் ரோபோவை ஓட்டல் சாம்பார்னு வைத்துக்கொண்டால், கட்டற்ற ரோபோ என்பது பக்கத்து வீட்டு அக்கா எழுதிக் கொடுத்த செய்முறை. என்ன பொருள், எவ்வளவு, எப்படி சேர்க்கணும் என்று எல்லாமே அதில் இருக்கும். பிடிக்கலைன்னா மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

இந்தப் பழக்கம் ரோபோ உலகத்தில் வேரூன்றியது 2007-க்குப் பிறகு. அமெரிக்காவின் வில்லோ கராஜ் என்ற நிறுவனம் 'ராஸ்' என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பை வளர்த்தெடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு ஆய்வகமும் ரோபோவை நகர்த்தவும், கேமராவைப் படிக்கவும் முதல் வரியில் இருந்து நிரல் எழுத வேண்டியிருந்தது. இன்று பொறியியல் கல்லூரியில் ரோபோட்டிக்ஸ் படிக்கும் பிள்ளைங்க முதலில் தொடும் விஷயங்களில் ஒன்று ராஸ்.

வில்லோ கராஜ் 2010-ல் விற்ற ரோபோவின் பெயர் பி.ஆர்-2. இரண்டு கை, சக்கரம், ஆள் உயரம். விலை 4 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய். அந்த ரோபோவும் இப்போ விற்பனையில் இல்லை, அந்த நிறுவனமும் இல்லை. ஆனால் ராஸ் இருக்கு. திறந்து கொடுத்ததால்தான் அது தப்பித்தது.

அந்த 1.8 கோடி, 20 ஆயிரமா ஆன கதைதான் கடந்த இரண்டு வருஷத்தில் நடந்திருக்கு.

20 ஆயிரம் ரூபாய்க் கையில் என்ன இருக்கு?

ஹக்கிங் ஃபேஸ் என்ற ஏ.ஐ. நிறுவனம் 2024 மே மாதம் 'லெரோபாட்' என்ற திட்டத்தை வெளியிட்டது. அதோடு இணைந்து வந்தவைதான் எஸ்.ஓ-100, அதன் அடுத்த பதிப்பான எஸ்.ஓ-101 என்ற கைகள். உடல் முழுக்க த்ரீ-டி பிரின்டரில் அச்சடித்த பிளாஸ்டிக். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு குட்டி மோட்டார், கைக்கு 6. 'ஆட்டுற கை' ஒன்று, 'ஆடுற கை' ஒன்று என ஜோடியாகச் செய்தால் மொத்தம் 12 மோட்டார். பாகங்களின் விலை சுமார் 230 டாலர். இறக்குமதி வரியும் கூரியர் செலவும் தனி.

பலம்? அரை கிலோவுக்குக் கீழே இருக்கும் பொருளைத்தான் ஒழுங்காகத் தூக்கும். இட்லி குண்டான் தூக்கச் சொன்னால் அதோட கழுத்துதான் சுளுக்கும்.

இதே கைகளில் இரண்டை எடுத்து, ஐகியா கடையின் சக்கரம் வைத்த தள்ளுவண்டி மேல் மாட்டி, வீட்டுக்குள் நகரும் ரோபோவாக ஆக்கிய திட்டமும் இருக்கு. பெயர் 'எக்ஸ்-லெ-ரோபாட்'. அடிப்படைச் செலவு சுமார் 660 டாலர், அதாவது 60 ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். நல்ல ஃபிரிட்ஜ் ஒன்றின் விலை இதை விட அதிகம்.

ஆக, கை வந்தாச்சு. அந்தக் கைக்கு வேலை தெரியணும் இல்லையா? அங்கேதான் எல்லாம் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

அரிசியில் 'அ' எழுத வைக்கிற மாதிரி

நம்ம ஊரில் குழந்தைக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது, தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பார்கள். எப்படி வளைக்கணும், எத்தனை சென்டிமீட்டர் இழுக்கணும் என்றெல்லாம் யாரும் விளக்குவதில்லை. கையைப் பிடித்து நடத்துவாங்க. பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

வீட்டு வேலை ரோபோக்கள் இப்போ கத்துக்கிறதும் அப்படித்தான். ஒருத்தர் 'ஆட்டுற கை'யைப் பிடித்து துண்டை மடிப்பார். 'ஆடுற கை' அதையே செய்யும். அந்த நேரத்தில் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் இருந்தது, கேமராவில் என்ன தெரிந்தது என்று எல்லாமே பதிவாகும். இதே வேலையை 50 தடவை செய்து காட்டினால், 'இந்தக் காட்சி தெரிந்தால் இந்த மாதிரி கையை நகர்த்தணும்' என்று ஏ.ஐ. மாடல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு மனுஷன் கையை எடுத்துவிடலாம். 50 என்பது சும்மா சொன்ன எண்ணிக்கை இல்லை. லெரோபாட் வழிகாட்டியே ஒரு வேலைக்கு குறைந்தது 50 பதிவில் தொடங்கச் சொல்கிறது.

2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட 'மொபைல் அலோஹா' ரோபோவின் வீடியோ ஞாபகம் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் சுற்றாத குரூப்பே இல்லை. இறால் வதக்கும், கனமான பாத்திரத்தை அலமாரியில் வைக்கும், லிஃப்ட்டைக் கூப்பிட்டு ஏறும். செலவு 32 ஆயிரம் டாலர், அப்போதைய மதிப்பில் 26 லட்சம் ரூபாய்க்கு மேல். அதன் வரைபடமும் நிரலும் முழுசா திறந்து வைக்கப்பட்டிருக்கு.

ஆனால் வைரலான காட்சிகளில் பல, பின்னால் ஒரு ஆள் நின்று கல்பாக்கம் பாணியில் ஆட்டியவை. தானாகச் செய்தவை வேறு. இதை அந்தக் குழு மறைக்கவும் இல்லை. ரோபோ சொதப்பிய காட்சிகளையும் அவர்களே தொகுத்துப் போட்டார்கள். கண்ணாடிக் கோப்பையைத் தூக்கப் போய் கீழே போட்டு உடைத்த காட்சியும் அதில் உண்டு. வீட்டு வேலை ரோபோ வீடியோ எதைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இது தானா செய்யுதா, இல்ல யாராவது ஆட்டுறாங்களா?

துண்டு ஒன்று, வருஷம் 15

துண்டு மடிப்பது சாதாரண வேலையாகத் தெரியும். ரோபோவுக்கு அது மலை. டம்ளர் எப்போதும் டம்ளர் மாதிரியே இருக்கும். துணி அப்படி இல்லை. கூடையில் கிடக்கும் துண்டுக்கு ஒரு நிலையான வடிவமே கிடையாது. மூலை எங்கே, ஓரம் எங்கே, எது உள்பக்கம் என்று தேடிக் கண்டுபிடிக்கணும்.

2010-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதே பி.ஆர்-2 ரோபோவை வைத்து துண்டு மடித்துக் காட்டியது. உலகமே ஆச்சரியப்பட்டது. வீடியோவை 50 மடங்கு வேகமாக ஓட்டினார்கள். காரணம், ஒரு துண்டுக்கு சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் ஆனது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2025 நவம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட செய்தி, கரூரில் இருந்து எழுதப்பட்டது. அங்கே இயங்கும் ஆப்ஜெக்ட்வேஸ் என்ற தரவு நிறுவனத்தில் இளைஞர்கள் தலையில் சின்ன கேமராவை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் நிற்கிறார்கள். வேலை, துண்டு மடிப்பது.

வலது பக்கக் கூடையில் இருந்து வலது கையால் மட்டும் துண்டை எடுக்கணும். இரண்டு கையாலும் உதறி விரிக்கணும். மூன்று மடிப்பு. மேஜையின் இடது மூலையில் வைக்கணும். ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரு படி விட்டுப்போனாலோ முதலில் இருந்து மறுபடியும். சின்னச் சின்னத் தவறுகளால் 150, 200 வீடியோக்களை அழிக்க வேண்டிய நாட்களும் உண்டாம். இந்த வீடியோக்கள் போய்ச் சேரும் இடம், ரோபோவுக்குப் பயிற்சி கொடுக்கும் அமெரிக்க வாடிக்கையாளர்.

கரூர் எதற்குப் பேர் போன ஊர் என்று சொல்லத் தேவையில்லை. துண்டு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை என வீட்டு ஜவுளியைக் கப்பலேற்றும் ஊர். இவ்வளவு காலம் துண்டை ஏற்றுமதி செய்த ஊர், இப்போ துண்டு மடிக்கும் கைப்பழக்கத்தையும் ஏற்றுமதி செய்யுது.

இதில் 'கட்டற்ற' என்ற சொல் முக்கியமாகிற இடம் வருகிறது. கையின் வரைபடம் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அந்தக் கையை இயக்கும் பழக்கம், அதாவது ஆயிரக்கணக்கான மணி நேர வீடியோவும் அசைவுப் பதிவும், காசு கொடுத்து எடுத்த நிறுவனத்தின் பெட்டகத்துக்குள் போய்விடுகிறது. மடித்த கைக்குச் சம்பளம் உண்டு. அதில் பிறக்கும் ரோபோவில் பங்கு இல்லை.

இதற்கு மாற்று வழியும் ஓடிக்கொண்டிருக்கு. உலகம் முழுக்க வீட்டில், கல்லூரியில் எஸ்.ஓ-100 கை செய்தவர்கள் தங்கள் பதிவுகளைப் பொதுவில் ஏற்றுகிறார்கள். அப்படி யார் யாரோ ஏற்றிய 487 தொகுப்புகளை எடுத்துத்தான் ஹக்கிங் ஃபேஸ் 2025 ஜூனில் 'ஸ்மால்-வி.எல்.ஏ' என்ற மாடலைப் பழக்கியது. பெரிய சர்வர் தேவையில்லாத சின்ன மாடல் அது. அதையும் திறந்தே விட்டிருக்காங்க.

செங்கல்பட்டு வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்?

மேலே சொன்ன ஆய்வகங்களின் சமையலறையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும். பளிச்சென்ற வெளிச்சம், இடுப்பு உயர மேடை, வெள்ளைப் பீங்கான் தட்டு, காய்ந்த தரை. திருக்கழுக்குன்றத்திலோ கொக்கிலமேட்டிலோ உள்ள ஒரு வீட்டு அடுப்படி இப்படியா இருக்கும்?

முதல் தலைவலி எவர்சில்வர். பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று அளக்கும் கேமராக்களுக்கு பளபளக்கும் பரப்பு ஆகவே ஆகாது. ஒளி எங்கெங்கோ தெறித்து, டம்ளர் இருக்கும் இடத்தில் ஓட்டை இருப்பது போலத் தெரியும். கண்ணாடிப் பாத்திரத்திலும் இதே சிக்கல். ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிய சில்வர் டம்ளர் வரிசை, நமக்கு சாதாரணம். ரோபோவுக்கு அது கண்கட்டு வித்தை.

அடுத்தது தரை. பெரும்பாலான பெருக்கும் ரோபோக்கள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறும். நம்ம பழைய வீட்டு நிலைப்படி அதைவிட உயரம். சாப்பிட்டு எழுந்த இடத்தில் பாய் கிடக்கும். வாசலில் கோலமாவு. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு பெருக்கும் ரோபோவை வெளியே விட்டால், வீட்டில் நடக்கும் சண்டைக்கு எந்த நிறுவனமும் வாரண்டி தராது.

கடலோரத்துக்கென்றே தனிக் கணக்கு ஒன்று உண்டு. உப்புக்காற்று. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை ஜன்னல் கம்பி, ஃபேன், சுவிட்ச் போர்டு என எதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 12 மோட்டாரும், அதைவிட இரண்டு மடங்கு இணைப்பு முனைகளும் உள்ள ஒரு பிளாஸ்டிக் கை அந்தக் காற்றில் தினமும் நிற்கணும். பல்சக்கரத்துக்குள் கடல் மணல் போனால் கதை முடிந்தது.

மீன் ஆய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வழுக்கும் மீன், அரிவாள்மனை, ஈரக் கை. கட்டற்ற திட்டமோ காசு கொடுத்து வாங்குவதோ, இந்த வேலையை நம்பி ஒப்படைக்கிற மாதிரி வீட்டு ரோபோ கடைகளில் கிடையாது.

இதெல்லாம் தீராத பிரச்சினை என்று அர்த்தம் இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, நம்ம வெளிச்சத்தில், நம்ம அடுப்படியில் யாராவது பதிவு எடுத்துக் கொடுத்தால்தான் ரோபோ இதைக் கத்துக்கும். கலிஃபோர்னியாவில் யாரும் சில்வர் டம்ளரை அடுக்கிக் காட்டப் போவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., தையூரில் சென்னை ஐ.ஐ.டி.யின் டிஸ்கவரி வளாகம் என இத்தனை இருக்கு. ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஒரு செமஸ்டர் புராஜெக்ட் அளவு வேலைதான் இது.

கிரைண்டரைக் கேட்டால் சொல்லும்

தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டு வேலை இயந்திரம் ஒன்று ஏற்கெனவே ஜெயித்திருக்கு. வெட் கிரைண்டர். 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கியது. பிறகு 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் வாங்கியது. 2011-ல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், ஃபேன் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் குடிசை வரை போனது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டிய மணி நேரங்களை அது அடியோடு மாற்றியது.

அது ஜெயித்ததற்கு ஒரு காரணம், அதைத் திறக்க முடியும். பெல்ட் அறுந்தால் செங்கல்பட்டு பஜாரில் பெல்ட் கிடைக்கும். மோட்டார் போனால் காயில் கட்டித்தர ஆள் இருக்கார். கம்பெனி மூடினாலும் கிரைண்டர் ஓடும்.

இன்று கடையில் கிடைக்கும் பெருக்கும் ரோபோக்கள் பலவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றின் மூளையில் பாதி, தயாரித்த கம்பெனியின் சர்வரில் இருக்கு. நீட்டோ என்ற நிறுவனம் 2023-ல் மூடப்பட்டபோது சர்வர் சேவையை 5 வருஷம் தொடர்வதாகச் சொன்னார்கள். 2025-லேயே அது நின்றது. ரோபோ உடையவில்லை, மோட்டார் நல்லா இருக்கு, ஆனால் செல்போன் ஆப் வேலை செய்யாது. பட்டனை அழுத்தினால் கூட்டும், அவ்வளவுதான். 2002-ல் ரூம்பாவை அறிமுகப்படுத்தி இந்தத் துறையையே தொடங்கி வைத்த ஐரோபாட் நிறுவனமும் 2025 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அதற்கு ரோபோ தயாரித்துக் கொடுத்த சீன நிறுவனமே அதை எடுத்துக்கொள்கிறது.

இதற்கு கட்டற்ற உலகத்தின் பதில் 'வாலெடூடோ' மாதிரியான மென்பொருள். குறிப்பிட்ட சில ரோபோக்களில் இதை ஏற்றிவிட்டால், கம்பெனி சர்வரோடு பேச்சே இல்லாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே ஓடும். ஆனால் ஏற்றுவது எளிது இல்லை. சில மாடல்களைத் திறந்து கம்பி இணைக்க வேண்டியிருக்கும். வாரண்டி போகும். தப்பாகப் போனால் ரோபோ செங்கல்லாகிவிடும்.

ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. உதிரி பாகம், கையேடு, சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் அங்கே கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். ரோபோ வாங்கும் முன் அதில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்ப்பது, ஆஃபரைத் தேடுவதை விட உபயோகமான வேலை.

வீட்டுக்குள் திரியும் கேமரா

ரிப்பேர் சிக்கல் காசோடு போகும். இது அப்படி இல்லை.

துண்டு எங்கே, சோபா எங்கே என்று பார்க்கும் கேமரா, துணி மாற்றும் அறையையும் பார்க்கும். ரூம்பாவின் சோதனை மாடல்கள் 2020-ல் எடுத்த படங்கள் கசிந்ததை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளிக்கொண்டு வந்தது. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. ஒப்புதல் கொடுத்த சோதனையாளர்களின் வீட்டில் எடுத்த படங்கள்தான் அவை. ஏ.ஐ.க்குப் பழக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து சமூக வலைதளக் குழுவுக்குப் போயின. 2024 மே மாதம் அமெரிக்காவில் சில வீடுகளில் எகோவாக்ஸ் ரோபோவை யாரோ ஹேக் செய்து, அதன் ஸ்பீக்கர் வழியே கெட்ட வார்த்தையில் திட்டிய சம்பவமும் நடந்தது.

2025 அக்டோபரில் 1-எக்ஸ் நிறுவனம் அறிவித்த 'நியோ' என்ற மனித வடிவ ரோபோவின் விலை 20 ஆயிரம் டாலர், கிட்டத்தட்ட 18 லட்சம் ரூபாய். அதற்குத் தெரியாத வேலை வந்தால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு கம்பெனி ஊழியர் ஒருவர் எங்கிருந்தோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரோபோவின் கண் வழியாக வீட்டைப் பார்த்து அந்த வேலையைச் செய்வார். மறுபடியும் கல்பாக்கம் டெக்னிக்தான். வித்தியாசம், இங்கே கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருப்பது உங்க வீடு.

கட்டற்ற ரோபோ என்றாலே பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. அதை அமைப்பவர் பாஸ்வேர்டைக் கோட்டை விட்டால் கதவு திறந்தேதான் கிடக்கும். ஆனால் படம் எங்கே போகிறது என்று நிரலைத் திறந்து பார்க்கலாம். வீட்டுக்கு வெளியே போகவே கூடாது என்று கட்டவும் முடியும். மூடிய ரோபோவில் கம்பெனி சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

தமிழ் புரியுமா?

"அந்தக் குண்டானைக் கவுத்து வை" என்றால் ரோபோவுக்குப் புரியணும். இதில் நிலைமை கொஞ்சம் தேவலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2022 ஜூலையில் 36 கோடி ரூபாய் நன்கொடையோடு தொடங்கிய நிலேகனி மையத்தின் ஏ.ஐ.4.பாரத் குழு, தமிழ் உட்பட இந்திய மொழிகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடல்களைச் செய்து பொதுவில் திறந்து வைத்திருக்கு. அதை எடுத்து ரோபோவில் சேர்க்கத் தடை இல்லை. கொக்கிலமேட்டு மீனவர் வீட்டுப் பேச்சை அது எவ்வளவு பிடிக்கும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். செய்தி வாசிப்பவர் தமிழ் வேறு, அடுப்படித் தமிழ் வேறு.

யாருக்கு நிஜமாகவே தேவை?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்த 201 நிமிட வித்தியாசத்தைச் சரிசெய்ய ரோபோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடையில் ஒரு பைசா செலவு செய்யாமல் இன்றைக்கு ராத்திரியே தொடங்கலாம்.

ஆனால் இன்னொருத்தரால் ஈடுசெய்ய முடியாத தேவை உள்ளவர்களும் இருக்காங்க. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹென்றி எவான்ஸ் 2002-ல் கை கால் செயலிழந்து, பேசவும் முடியாமல் போனவர். தலையை மட்டும் அசைத்துக் கணினியை இயக்குவார். 'ஸ்ட்ரெச்' என்ற ஒற்றைக் கை ரோபோ 2023-ல் அவர் வீட்டில் ஒரு வாரம் இருந்தது. அதை அவரே இயக்கித் தனக்கு ஊட்டிக்கொண்டார், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிந்துகொண்டார். மனைவியைக் கூப்பிடாமல். ஸ்ட்ரெச்சின் மென்பொருள் திறந்தது. அதனால் அவருக்கு ஏற்ற மாதிரி ஆய்வாளர்கள் மாற்றிக்கொடுக்க முடிந்தது. இப்போதைய மாடல் விலை 24,950 டாலர். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகும் குடும்பங்களுக்கு இந்த விலை எட்டாது. எஸ்.ஓ-101 எட்டும். ஆனால் அதற்கு இன்னும் பலமும் பத்திரமும் போதாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கை வரணும்.

ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். அடுக்குமாடிகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிழைப்பு போய்விடுமா என்ற கேள்வியும் உண்டு. இப்போதைக்கு இல்லை. துண்டு மடிக்கவே தடுமாறும் கை, ஒரு மணி நேரத்தில் பாத்திரம் துலக்கி, வீடு துடைத்து, துணி காயப் போடும் ஆளை மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் வேலையை வீடியோ எடுத்து ரோபோவுக்குப் பழக்கும் நாள் தூரத்தில் இல்லை. கரூரில் அது ஏற்கெனவே ஒரு உத்தியோகம். வீட்டுப் பணியாளர்களுக்காக தமிழ்நாட்டில் 2007-ல் இருந்தே நல வாரியம் இருக்கு. கைப்பழக்கத்தின் பதிவு யாருக்குச் சொந்தம், அதற்கு என்ன கூலி என்று கேட்க ஒரு இடம் வேண்டுமென்றால், அங்கேயே தொடங்கலாம்.

செய்து பார்க்க ஆசையா?

கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல புராஜெக்ட். கிட்ஹப்பில் எஸ்.ஓ-101 வரைபடம் கிடைக்கும். த்ரீ-டி பிரின்டர் கல்லூரி லேபில் இருக்கும். மோட்டார் வாங்கும்போது வோல்டேஜ் பார்த்து வாங்குங்க. 7.4 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் புகை வரும். மாடலைப் பழக்க நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லைன்னா, வாடகைக் கணினி சேவை இருக்கு.

பூட்டும் முன் 12 மோட்டாருக்கும் தனித்தனி எண் ஒதுக்கணும், இல்லைன்னா தோளுக்குக் கொடுத்த கட்டளைக்கு விரல் ஆடும். பதிவு எடுக்கும்போது கேமராவை நகர்த்தாதீங்க. டியூப்லைட்டை அணைத்து அணைத்துப் போடாதீங்க. முதல் 50 பதிவுக்கு பருத்தித் துண்டு போதும். சில்வர் டம்ளருக்கு அப்புறம் வரலாம்.